வீட்டில் உட்கார்வது போல

பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், அதனால் சொல்லப்போவதில்லை. சிங்கப்பூரில், ஜூரோங்கில் நான் வேலை பார்த்த கப்பல் கட்டும் யார்டில் அவரை எல்லோரும் ‘சேஃப்டி அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டோம். சாரத்தில் ஏறுகிறவர் இடுப்பில் பெல்ட் மாட்டியிருக்கிறாரா, பாரம் தூக்குகிறவர் முட்டியை மடக்கித் தூக்குகிறாரா, ஏணியில் நிற்கிறவர் எந்தக் காலை நம்பி நிற்கிறார் என்று நாள் முழுக்க மனிதர்களின் உடம்பையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் உத்தியோகம். வேலை நேரம் முடிந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், எரிச்சல் தந்ததும் அதுதான்.

நான் அங்கே மனிதவளப் பிரிவில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதி, அதாவது ‘பாஸ்’, விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அந்த வருடம்தான் எங்களுக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்தது. ஹாலில் சன்னலோரம் ஒரு ‘அக்சென்ட் சேர்’ போட்டால்தான் வீடு எடுப்பாக இருக்கும் என்றான் ரெனோவேஷன்காரன். சோபாவோடு சேராமல், கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்றே ஒன்று தனியாக நிற்கும் நாற்காலி. எந்த மாதிரி வாங்கலாம் என்று கேட்டேன். அது உங்கள் ஸ்டைலைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

என் ஸ்டைல் என்னவென்று நாற்பது வயதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. போனில் தேடினேன். பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நம் ஸ்டைலைக் கண்டுபிடித்துச் சொல்லும் கேள்வித்தாள் ஒன்று கிடைத்தது. எனக்கு ‘பொஹீமியன்’ என்று வந்தது. நம்பிக்கையில்லாமல் மறுபடி செய்தேன். ‘இண்டஸ்ட்ரியல்’ என்று வந்தது. நீ யார்டில் வேலை பார்ப்பது அதற்கு எப்படித் தெரிந்தது என்று என் கணவர் கேட்டார்.

கடைசியில் தேக்குக் கால் வைத்த, ஒடுக்கமான, சாம்பல் நிற நாற்காலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆபீஸ் பேன்ட்ரியில் தோழிகளிடம் படம் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் கேட்டது.

“மேடம், இதுல நீங்க உட்கார மாட்டீங்க.”

திரும்பினால் காப்பிக் கோப்பையோடு சேஃப்டி அண்ணன் நிற்கிறார்.

“ஏன்?”

“உங்க சீட்ல எப்பவும் ஒரு காலை மடக்கிப் போட்டுத்தான் உட்கார்றீங்க. எடது காலு. இது குறுகல். ரெண்டு நாள் உட்கார்ந்துட்டு சோபாவுக்குப் போயிருவீங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நான் எப்படி உட்கார்றேன்னு நீங்க ஏன் பாக்குறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பழகிப்போச்சு” என்று சொல்லி, காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். நான் விறைப்பாக என் இடத்துக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். அரை மணி கழித்துக் குனிந்து பார்த்தேன். இடது கால் மடங்கி, அதன் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நானே அவரைத் தேடிப்போய், சனிக்கிழமை கடைக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டார். இப்போது இருக்கும் வீட்டை நாலு படம் எடுத்து அனுப்ப வேண்டும். “ஒதுங்க வச்சுட்டு எடுக்காதீங்க மேடம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எப்படிக் கிடக்குமோ அப்படியே எடுங்க” என்றார். காய்ந்த துணிக் குவியலும் மகளின் பள்ளிப் பையும் மடித்து வைக்காத போர்வையும் தெரிய, மானத்தை விட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். ‘மஞ்சள்’ என்று ஒரே ஒரு வார்த்தை பதிலாக வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

“யோசிச்சு யோசிச்சு வாங்குனதை எல்லாம் விட்டுட்டேன் மேடம். யோசிக்காம வாங்குனதுல எந்தக் கலரு திரும்பத் திரும்ப வருதுன்னு பாத்தேன். குடை மஞ்சள், பக்கெட்டு மஞ்சள், பாப்பாவோட பென்சில் டப்பா மஞ்சள், வாசல்ல கெடக்குற மிதியடியும் மஞ்சள். அதான் உங்க ஸ்டைலு.”

பன்னிரண்டு கேள்வியில் ஒன்றுகூட என் பக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூரோங்கில் மாடிக்கு மாடி பர்னிச்சர் கடைகளாகவே இருக்கும் கட்டடம் ஒன்று உண்டு. என் கணவரோடு அங்கே போனால், இவர் நாற்காலியைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார், என்னைத்தான் பார்க்கிறார். நான் ஒவ்வொன்றிலும் நேர்காணலுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மேடம், வீட்ல உட்கார்ற மாதிரி உட்காருங்க.”

“கடையில எப்படி லா? எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். இங்க பொய்யா உட்கார்ந்து வாங்குனா, வீட்ல அது துணி போட்டு வைக்கத்தான் ஆகும்.”

என் கணவர் இதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். எங்கள் பழைய வீட்டில் அப்படித் துணி சுமந்த நாற்காலிகள் இரண்டு இருந்தன. நான் செருப்பைக் கழற்றினேன். இடது காலை மடக்கினேன். விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் என் கணவர் பக்கம் திரும்பி, “சார், இதான்” என்றார். இருக்கை அகலமாக, தரைக்குப் பக்கமாக, நல்ல கடுகு மஞ்சளில் இருந்தது. இன்றுவரை அதில் ஒரு துணி ஏறியதில்லை.

அதற்குப் பிறகு யார்டில் யாருக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்தாலும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். தடிமனான தோல் நாற்காலி வாங்கப் போன எங்கள் சீன மேலாளரை, “பாஸ், நீங்க காலைக் கைப்பிடி மேல தூக்கிப் போட்டுத்தான் போன் பாப்பீங்க” என்று ஆங்கிலத்தில் சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தார். மேலாளருக்கு ஒரே ஆச்சரியம். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவர் அறைக்குள் இவர் போயிருந்தாராம்.

இவர் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் என் சித்தி. காத்தோங்கில், சிலோன் ரோட்டுக் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. என் மஞ்சள் நாற்காலியைப் பார்த்துவிட்டு அவருக்கும் ஆசை வந்தது. ஆனால் சித்திக்கு வேண்டியது பாலாடை நிறத்தில், முதுகு உயர்ந்த வெல்வெட் நாற்காலி. நான் இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சித்தி காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு இவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல யாரும்மா தலைக்கு எண்ணெய் வைப்பாங்க?”

சித்திக்குக் கோபம் வந்தது. நாகரிகமான வீட்டில் கேட்கிற கேள்வியா அது? சித்தப்பா பேப்பரைத் தாழ்த்தி, “நான்தான் தம்பி, தெனமும்” என்றார். சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். கரும்பச்சை வாங்கலாம், உங்கள் திரைச்சீலையும் பூந்தொட்டியும் உங்கள் புடவைகளும்கூட அந்த நிறம்தான் என்று இவர் சொன்னது எடுபடவில்லை. அடுத்த வாரமே பாலாடை வெல்வெட் வந்து இறங்கியது.

நாலைந்து மாதம் கழித்து சித்தி என்னைக் கூப்பிட்டு, அந்தத் தம்பியைக் கொஞ்சம் வரச் சொல்லு என்றார். போனோம். நாற்காலியின் தலைமாட்டில் பழுப்பாக ஒரு வட்டம். அதை மறைக்க ஒரு துண்டு, துண்டு நழுவாமலிருக்க இரண்டு ஊக்கு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இவர் வட்டத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையோரம் முதுகு சாயாத முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தார்.

“ஐயா ஏன் அங்க உட்கார்ந்திருக்காங்க?”

“இனிமே அதுல உட்காராதீங்கன்னு சொல்லிட்டேன். கறை பெருசாகும்ல?” என்றார் சித்தி.

சேஃப்டி அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குரல் உயரவில்லை. “அம்மா, கறைய நான் எடுத்துத் தர்றேன், இல்ல உறை தச்சுத் தரச் சொல்றேன். மொதல்ல ஐயாவ இங்க வந்து உட்காரச் சொல்லுங்க. சொந்த வீட்ல ஒரு மனுஷன் உட்கார எடம் இல்லாம இருக்கக் கூடாது” என்றார். யாரிடமும் இறங்கிவராத என் சித்தி அந்த வாரமே நாற்காலியின் தலைமாட்டுக்குக் கரும்பச்சையில் உறை தைக்கக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க இவர் சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். அதிகம் பேசிவிட்டோம் என்று வருந்துகிறார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் வேறு என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. அவருக்குப் பதவி உயர்வு வந்து, பாஸும் மாறியது. புதுப் பாஸ் இருந்தால் மனைவியை இங்கே அழைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் என்பதும், கல்யாணமான நாற்பதாம் நாளே இவர் சிங்கப்பூருக்கு வந்துவிட்டார் என்பதும் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதுவரை அவருக்கு மனைவி உண்டா என்றுகூட நான் கேட்டதில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அவர் காய்ச்சல் என்று விடுப்பில் இருந்தார். சரி, எப்படியும் சாமான் வாங்க லிட்டில் இந்தியா போகிற நாள்தானே என்று, அதை ஒட்டியுள்ள ஃபேரர் பார்க்கில் அவர் தங்கியிருந்த அறைக்கே போனேன். கீழே மளிகைக் கடை, மேலே நாலு பேர் தங்கும் அறை. இரண்டு அடுக்குக் கட்டில்கள், சுவரோரம் பெட்டிகள், கொடியில் யூனிபாரங்கள். என்னைப் பார்த்ததும் போர்வையை உதறிவிட்டு எழுந்தார்.

“வாங்க மேடம், உட்காருங்க” என்றவர், அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே உட்கார ஒன்றும் இல்லை. நான் நின்றபடியே தாளை நீட்டினேன், அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது, சித்தி வீட்டில் சித்தப்பாவுக்காக அவர் கோபப்பட்டது நினைவுக்கு வந்தது.

அனுமதி வந்துவிட்டது. பூன் லே பக்கம் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் கட்டில், மேசை, அலமாரி எல்லாம் விட்டுவைத்திருந்தார். ஹால் மட்டும் காலி. சன்னலோரம் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டுத்தான் மனைவியை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரப்போகிறேன் என்று யார்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மூன்று சனிக்கிழமை கடைக்குப் போனார். மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தார். ஊருக்கெல்லாம் சேர் பார்த்துக் கொடுத்தவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள் என்று பேன்ட்ரியில் கேலி செய்யாத ஆள் இல்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.

“என்ன அண்ணே, நீங்க பாக்காத சேரா? என்ன கொழப்பம்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவ எப்படி உட்காருவான்னு எனக்குத் தெரியல மேடம்.”

நான் சிரிப்பதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

“ஏழு வருஷமா போன்ல பேசுறோம். போன்ல மூஞ்சிதான் தெரியும். லீவுல ஊருக்குப் போனா பதினஞ்சு நாளு. வீடு நெறையா ஆளு. வந்தவங்களுக்குக் காப்பி போடுவா, எல பாத்துப் பரிமாறுவா. நான் இருக்குற பதினஞ்சு நாளும் அவ நின்னுக்கிட்டேதான் இருப்பா. உட்கார்ந்து நான் பாத்ததே இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “பயமா இருக்கு மேடம். யாருன்னே தெரியாத ஒருத்திய வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு. அவளுக்கும் அப்படித்தான இருக்கும்? இந்த வீடு அவளுக்குப் பிடிக்காமப் போச்சுன்னா?”

நாற்காலியைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்தது. என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் நான் ஒரு யோசனை சொன்னேன். வீடியோ காலில் போனைத் தள்ளி வைக்கச் சொல்லிப் பாருங்களேன் என்றேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த மோசமான யோசனைகளில் அதுவும் ஒன்று.

திங்கட்கிழமை வந்து சொன்னார். ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டிருக்கிறார். “போனைக் கொஞ்சம் தூரமா வச்சுட்டு உட்காரு” என்றிருக்கிறார். ஏன் என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். சும்மா பார்க்கணும் என்றாராம் இவர். சிங்கப்பூரில் போய் இறங்குவதற்கு முன்னால் ஆள் குண்டாகிவிட்டேனா என்று பார்க்கிறீர்களா என்று அந்தப் பக்கம் சந்தேகம். இல்லை என்று சத்தியம் செய்த பிறகு, போனைச் சன்னலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனவர் இருபது நிமிடம் வரவில்லை. வந்தபோது பட்டுப்புடவை, தலையில் பூ. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில், இரண்டு கையையும் முட்டியில் வைத்து, போட்டோ ஸ்டூடியோவில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தாராம். கூடவே மாமியாரும் பக்கத்தில் வந்து நின்றாராம்.

“அதுக்கு மேல என்னத்தைப் பாக்குறது?” என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் கண்ணில் பயம் அப்படியே இருந்தது.

நாற்காலி இல்லாமலே அவர் மனைவி வந்து சேர்ந்தார். நாலு நாள் கழித்து இவர் எனக்கு மெசேஜ் அனுப்பினார்: ‘மேடம், சனிக்கிழமை கடைக்கு நீங்களும் வர முடியுமா? அவ ரொம்பப் பேச மாட்டேங்குறா.’ என் கணவரிடம் மகளை விட்டுவிட்டுப் போனேன்.

அவர் மனைவி நல்ல உயரம். மாநிறம், கூர்மையான பார்வை. என்னை “அக்கா” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். விமானம் எப்படி இருந்தது, இங்கே வெயில் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கெல்லாம் நல்லா இருக்கு என்றார். கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் இடித்துவிடக் கூடாது என்று கவனமாக நடந்தார்கள். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு கருநீல நாற்காலி முன்னால் இவர் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வீட்ல உட்கார்ற மாதிரி உட்காரு.”

மனைவி நாற்காலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“எந்த வீட்ல?”

“ஆங்?”

“உங்க வீட்லயா? அங்க நான் உட்காரவே இல்லையே. எங்க அம்மா வீட்லயா? அது மறந்துபோச்சு.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். இவர் நாற்காலித் துணியைத் தடவியபடி நின்றார். யார்டில் முந்நூறு பேர் முன்னால் ஒலிபெருக்கி பிடித்துப் பேசுகிறவர். நான் பக்கத்திலிருந்த விளக்கின் விலைச்சீட்டைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“நம்ம வீட்ல” என்றார் கடைசியில்.

“அங்க வந்து நாலு நாளுதான ஆச்சு. எனக்கே தெரியலயே.” அவர் மனைவி சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு. “நீங்க உட்காருங்க மொதல்ல. நீங்க எப்படி உட்காருவீங்கன்னு நானும் பாத்ததில்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேரை இத்தனை கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனவர், ஒரு நாற்காலியில்கூட ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்போதும் தயங்கினார். பிறகு ஓரத்தில், பாதி இருக்கையில், அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

“நல்லா சாஞ்சு உட்காருங்க. யாரும் எழுப்ப மாட்டாங்க.”

சாய்ந்தார். தோள் இறங்கியது. தலை பின்னால் போய்ப் படிந்தது. கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். ஏழு வருடக் களைப்பை முழுசாக நான் அந்த முகத்தில் பார்த்தேன்.

“இதே நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி விலைச்சீட்டைத் தேடினார். அது நாற்காலியின் பின்பக்கம் தொங்கியது. எட்டிப் பிடிக்க வசதியாக, யோசிக்காமல், நாற்காலியின் கைப்பிடி மேல் உட்கார்ந்துகொண்டார். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். ஒரு கை கணவரின் தோளில். செருப்பு கால்விரலில் தொங்கி ஆடியது. சீட்டில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

இவர் அசையவில்லை. மூச்சுக்கூட விட்டாரா என்று தெரியவில்லை. மெதுவாகக் கண்ணைத் திருப்பி மனைவியின் முழங்காலை, ஆடுகிற செருப்பை, தன் தோளில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே விற்பனைப் பெண்ணைக் கை காட்டி அழைத்தார். “மிஸ், இந்தக் கைப்பிடி எத்தனை கிலோ தாங்கும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“கிலோவா? யாரை?” என்று அவர் மனைவி கணவரின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார், ஆனால் எழுந்துகொள்ளவில்லை.